முழங்கால் மாற்றி 5 வாரம்: கால் முழுசாக நீளவில்லை

கேள்வி:
அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை முடிந்து 5 வாரம். காயம் ஆறிவிட்டது. மடக்கினால் 85 டிகிரி வருகிறது. நீட்டும்போது கடைசி 10 டிகிரி நிற்கிறது. முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. சாயங்காலம் முட்டி வீங்கிச் சூடாகிறது. இது இயல்புதானா? வலி போன பிறகும் டாக்டரிடம் காட்ட வேண்டுமா?

பதில் 1:
முதல் வேலையாக அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள். ராத்திரி முழுக்க மடங்கியே கிடந்தால் முட்டியின் பின்பக்கத் திசு சுருங்கி இறுகிவிடும். பலரும் எத்தனை டிகிரி மடங்குகிறது என்றே பார்க்கிறார்கள். நடையைக் கெடுப்பது நீளாத கால்தான். நிற்கும்போதெல்லாம் தொடைத் தசை தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் சீக்கிரம் அசந்துவிடுவார், நொண்டலும் போகாது.

மல்லாந்து படுக்கவைத்து, சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள். முட்டிக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. முதலில் 5 நிமிடம், பழகியதும் 10 முதல் 15. நாளைக்கு 3, 4 தடவை. அப்படியே தொடையை இறுக்கி, முட்டியைக் கீழே அழுத்தி, 5 எண்ணிவிட்டுத் தளர்த்த வேண்டும், 10 முறை. மடக்குவதற்கு, நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைப் பின்னுக்கு இழுத்து ஊன்றி, பாதம் நகராமல் இடுப்பை மட்டும் மெல்ல முன்னே தள்ளச் சொல்லுங்கள். டாக்டர் கொடுத்த வலி மாத்திரை போட்டு அரை மணி கழித்துச் செய்தால் பயந்து இறுக்கிக்கொள்ள மாட்டார்.

5 வாரத்தில் 85 குறைவுதான். 6 வாரப் பரிசோதனையில் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள். மயக்கம் கொடுத்து மடக்கிவிட வேண்டிவந்தால், முதல் 12 வாரத்துக்குள் செய்வதில்தான் பலன் அதிகம்.

பதில் 2:
காலையில் வடிந்து சாயங்காலம் ஏறும் வீக்கம், லேசான சூடு, சில மாதம் இருக்கும். துணி சுற்றிய ஐஸ் 15, 20 நிமிடம் வைத்து, காலை இதயத்தைவிட உயரத்தில் நீட்டிவைத்தால் இறங்கும். தழும்பின் வெளிப்பக்கம் மரத்திருப்பதும் பயப்பட வேண்டியதில்லை. அங்கே ஓடும் சின்ன நரம்பு கீறலில் அறுபடுகிறது.

ஆறிய காயம் மறுபடி கசிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, சும்மா இருக்கும்போதும் வலி ஏறினாலோ உடனே அறுவை செய்தவரிடம் போங்கள். தயவுசெய்து நீங்களாக ஆன்டிபயாடிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு முட்டி நீரை எடுத்துச் சோதித்தாலும் கிருமி பிடிபடாமல் போகலாம். ஆடுசதை வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி என்றால் நேராக அவசரப் பிரிவுக்கு.

பதில் 3:
வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தேயும்போது உதிரும் நுண்துகள் சுற்றியுள்ள எலும்பை அரிக்கலாம். மூட்டு தளரும்வரை வலியே தெரியாமல் இருக்கலாம். எக்ஸ்ரேயில் முன்னதாகத் தெரியும், அதுவும் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான். அறுவை முடிந்ததும் எடுத்த முதல் படத்தைப் பத்திரமாக வையுங்கள். ஓராண்டில் ஒன்று, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். கால் புண், பல் சீழ், சிறுநீர்த் தொற்று எதையும் தள்ளிப்போடாதீர்கள்; ரத்தம் வழியாகக் கிருமி புது மூட்டுக்குப் போய்ச் சேரலாம்.

இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் மேலே சொன்ன பயிற்சிகளை அப்படியே செய்ய வேண்டாம். பின்பக்கமாகத் திறந்து செய்திருந்தால், டாக்டர் சொல்லும்வரை இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவதும் கால்மேல் கால் போடுவதும் மூட்டை நழுவவைக்கலாம்.