தாத்தாவின் கூத்துக் கேசட்டுகள்: குரலையும் பம்பையையும் பிரிக்க என்ன வழி?

பாலக்கோட்டுப் பேரன்:
வணக்கம். என் தாத்தா பாரதக் கூத்தில் ராஜா வேஷம் கட்டியவர், காரிமங்கலம் பக்கம் அவர் ஆடாத ஊர் குறைவு. 1991இல், துரியோதனன் விழும் படுகளத்துக்கு முந்தின இரவு, மாமா டேப் ரெக்கார்டரை ஆர்மோனியப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பதிந்த 6 கேசட் இப்போது கிடைத்து, கணினியில் ஏற்றிவிட்டேன். குரலையும் கருவிகளையும் தனித்தனியாகப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் மென்பொருளில் போட்டால் பம்பை பாதி ‘டிரம்ஸ்’ பங்கில், பாதி ‘மற்றவை’ பங்கில் போகிறது, முகவீணை என்ற ஊதுகருவி தாத்தா குரலோடு ஒட்டிக்கொள்கிறது. அப்புறம், சுருதி காட்டும் கிரெப் மாடலில் கோடு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது, தாத்தா அப்படிப் பாடுகிறவர் இல்லை. 4ஆவது கேசட்டில் ஒரு விருத்தத்தின் நடுவே 2 நிமிடம் அழிந்திருக்கிறது. அதை, இசையைத் தானே உருவாக்கும் மியூசிக்ஜென் என்ற ஏஐ மாடலை வைத்து நிரப்பலாமா?

ஓசூர் நிரலர்:
நிரப்ப வேண்டாம், தம்பி. 2023இல் மெட்டா வெளியிட்ட மியூசிக்ஜென் 20,000 மணி நேர இசையில் பயின்றது, அதிலும் பாடும் குரலை நீக்கிவிட்டுத்தான் பயிற்றுவித்தார்கள். அதனிடம் விருத்தம் கேட்டால் எதையோ தரும், அது உங்கள் தாத்தா பாடியதாக இருக்காது, நாளைக்கு உங்கள் பிள்ளைகள் அதையும் அசல் என்று நம்பிவிடுவார்கள். அந்த 2 நிமிடம் வெறுமையாகவே இருக்கட்டும்.

பிரிப்பதில் வரும் சிக்கலுக்குக் காரணம் இருக்கிறது. இந்த வகை மாடல்களுக்குப் பொதுவாகப் பயன்படும் மியூஸ்டிபி18 தொகுப்பில் 150 பாட்டு, சுமார் 10 மணி நேரம், எல்லாமே குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்கு பங்கு. முகவீணைக்கு அதில் இடமே இல்லை. குரல் மாதிரி வளைந்து வளைந்து போவதால் அதைக் குரல் என்றே எடுத்துக்கொள்கிறது.

ஊத்தங்கரை ரேடியோக்காரர்:
சுருதி ஏறுவதற்கு நான் சொல்கிறேன். ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியதா? விடிய விடிய ஓடினால் பேட்டரி இறங்கும், மோட்டார் மெதுவாகும், அந்த டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாம் வேகமாக, உயர்ந்து கேட்கும். அரைக் கட்டை, அதாவது ஆர்மோனியத்தில் அடுத்த ஸ்வர அளவு, ஏறியிருந்தால் ஏறக்குறைய 6 சதவீத வேகம் கூடியிருக்கிறது.

ஆர்மோனியம் பக்கத்திலேயே இருந்தது உங்கள் அதிர்ஷ்டம். பாடுகிறவர் குரல் ஏறும் இறங்கும், ஆர்மோனியப் பெட்டிக்குள் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்கு ஒரே இரவில் அரைக் கட்டை நகராது. நிமிடத்துக்கு ஓர் இடத்தில் ஆர்மோனியத்தின் ஆதார சுருதியை அளந்து, அது நேர்கோடாகும்படி வேகத்தைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சுருதியை மட்டும் இறக்கும் கருவியைத் தொடாதீர்கள், தாளமும் சேர்ந்துதான் ஓடியிருக்கிறது. 2011இல் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்திலும் கர்நாடக இசைக்கு முதலில் ஆதார சுருதியைக் கண்டுபிடித்து, அங்கிருந்துதான் மற்ற ஸ்வரங்களை அளந்தார்கள். ராகம் எது என்று மாடலிடம் கேட்பது அதற்குப் பிறகுதான்.

காவேரிப்பட்டணம் பம்பை:
நான் பம்பை வாசிப்பவன். பம்பை என்பது ஜோடி, அதில் மரத்துக்கு ஒரு சத்தம், வெண்கலத்துக்கு வேறு சத்தம், இரண்டையும் டிரம்ஸ் என்று ஒரே மூட்டையில் கட்டினால் எப்படிப் பிரியும்? பம்பை மட்டும் தனியாக, முகவீணை மட்டும் தனியாக நாங்கள் வாசித்துத் தருகிறோம், அதைக் கூத்துக் குரலோடு கலந்து மாடலுக்குக் கற்றுத்தர முடியுமா?

ஓசூர் நிரலர்:
கட்டாயம் முடியும், அண்ணா. தனித்தனித் தடம் இருந்தால்தான் மாடல் கற்கவே செய்யும். ஆளுக்கு ஒரு மைக், ஒவ்வொருவரும் தனித்தனியாக, தலா 1 மணி நேரம் வாசித்தாலே ஸ்ப்ளீட்டர் மாதிரியே பிரிக்கும் டெமக்ஸ் மாடலை மேற்கொண்டு பழக்கிப் பார்க்கலாம்.

பாலக்கோட்டுப் பேரன்:
பேட்டரிதான், மாமா உறுதியாகச் சொன்னார். முதல் கேசட்டை முழுக்கத் திருத்தினேன். ஐந்தரைக் கட்டையில் முடிந்தது ஐந்துக்கு வந்துவிட்டது, குரல் கனத்துவிட்டது. அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து நின்றார், அது வரைக்கும் வேறு யாரோ பாடுவதாக நினைத்திருக்கிறார். பம்பை அண்ணா, ஞாயிறு காலை மைக்கோடு வருகிறேன்.