சர்வர் பேக்கப்புக்கு எந்த சாஃப்ட்வேர்? ஓனர் இலவசமாகத்தான் வேண்டும் என்கிறார்

கேட்டவர்: தண்டையார்பேட்டை பட்டறை கணக்கு
வணக்கம். சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறையில் கணக்கு பார்க்கிறேன். கம்ப்யூட்டர் கொஞ்சம் தெரியும் என்று ஒருநாள் வாயை விட்டதால் சர்வரும் என் தலையில் விழுந்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2019, அதில் 7 சிஸ்டம். கணக்கு எழுதும் டேலி சாஃப்ட்வேரின் டேட்டா 6 ஜிபிதான், ஆனால் ஆட்டோகேட் டிராயிங், பார்ட்டி அனுப்பும் பிடிஎஃப் எல்லாம் சேர்ந்து 400 ஜிபி. ராத்திரி 9 மணிக்கு ஒரு பேட்ச் ஃபைல் (கட்டளைகளை வரிசையாகத் தானே ஓட்டும் சின்ன ஃபைல்) ஓடி யுஎஸ்பி டிஸ்க்கில் காப்பி எடுக்கிறது, அந்த டிஸ்க் சர்வர் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் உள்ளே முழங்கால் தண்ணீர், சர்வரை மேசைமேல் தூக்கி வைத்ததால் பிழைத்தோம். அதிலிருந்து பயம்தான். மேக்ரியம், வீம், விண்டோஸோடு வரும் சர்வர் பேக்கப், இவற்றில் எதைப் போடலாம்?

வியாசர்பாடி நெட்வொர்க்
மேக்ரியத்தை விட்டுவிடுங்கள் தலைவரே, அதன் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு முடிந்துபோனது. விண்டோஸ் சர்வர் பேக்கப் மோசமில்லை. ஆனால் நெட்வொர்க் ஷேரில், அதாவது வேறு கம்ப்யூட்டரில் பகிர்ந்து வைத்த ஃபோல்டரில், எடுத்தால் கடைசிப் பதிப்பு ஒன்றுதான் நிற்கும், புதியது பழையதை அழித்துவிடும். தனி டிஸ்க் கொடுத்தால் பல பதிப்புகள் இருக்கும், ஆனால் முதலில் அந்த டிஸ்க்கை ஃபார்மேட் அடித்துத் தனக்கென்று எடுத்துக்கொள்ளும், எக்ஸ்ப்ளோரரில் காட்டாது. அதில் பழைய போட்டோ எதாவது வைத்திருந்தால் போச்சு.
நான் வைப்பது வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு. ஒரே ஒரு ஜாப்தான் (எதை, எப்போது, எங்கே எடுக்க வேண்டும் என்ற பேக்கப் ஏற்பாடு) அமைக்க முடியும், உங்களுக்கு அது போதும். விண்டோஸ் உட்பட முழு சர்வரையும் இமேஜாக, அதாவது அப்படியே ஒரே பிரதியாக, எடுக்கும், அதற்குள்ளிருந்து ஒற்றை டிராயிங்கையும் வெளியே எடுக்கலாம். சர்வர் கிளம்பாமல் போனால் அதிலிருந்து கிளப்பி மீட்க ரெகவரி யுஎஸ்பி ஒன்று கட்டாயம் செய்துகொள்ளுங்கள்.

ஆடிட்டர் ஆபீஸ் ஆள்
பட்டறை பிரைவேட் லிமிடெட்டா? ஆமாம் என்றால் விளையாட்டில்லை. கணக்குப் புத்தகம் கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினமும் இருக்க வேண்டும். கம்பெனி கணக்கு விதிகளில் முன்பு ‘அவ்வப்போது’ என்று இருந்ததை 2022 ஆகஸ்டில் ‘தினமும்’ என்று மாற்றினார்கள். 8 வருடக் கணக்கைக் காட்டவும் தெரிய வேண்டும்.

கேட்டவர்
பிரைவேட் லிமிடெட்தான் சார், இது தெரியாது. அப்படியானால் மொத்தத்தையும் கிளவுடில் போட்டுவிடலாமா?

வியாசர்பாடி நெட்வொர்க்
உங்கள் லைனில் அப்லோட் 20 எம்பிபிஎஸ் என்று வையுங்கள், 400 ஜிபி முதல்முறை ஏறவே 44 மணி நேரத்துக்குமேல் ஆகும், அதுவும் லைன் ஒருமுறைகூட அறாமல் இருந்தால். 6 ஜிபி டேலியை மட்டும் இந்தியாவில் டேட்டா சென்டர் உள்ள கிளவுடுக்கு ராத்திரி அனுப்புங்கள், மிச்சம் டிஸ்க்கில் போகட்டும்.

ராயபுரம் அண்ணாச்சி
சாஃப்ட்வேர் இருக்கட்டும் தம்பி, இப்போது எடுக்கிற காப்பியை என்றைக்காவது திறந்து பார்த்திருக்கிறாயா? நேற்றைய தேதி பில் ஒன்றை அதிலிருந்து எடு பார்ப்போம். எனக்கு அந்த அனுபவம் இருக்கிறது, சொல்ல வெட்கம்.

கேட்டவர்
அண்ணாச்சி, வயிறு கலங்கிவிட்டது. டிஸ்க்கில் கடைசித் தேதி ஆடி மாதத்தில் நிற்கிறது. யாரோ பென்டிரைவ் மாட்டியிருந்தபோது டிஸ்க்கைக் கழற்றி மாட்டியதில் ஈ டிரைவ் எஃப் ஆகியிருக்கிறது. பேட்ச் ஃபைல் தினமும் ஈ-யைத் தேடி, கிடைக்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் முடிந்துபோயிருக்கிறது. இருக்கிற காப்பியிலும் டேலியில் எங்கள் கம்பெனி கணக்கு திறக்கவில்லை. 9 மணிக்கு யாராவது டேலியை மூடாமல் வைத்திருந்திருப்பார்கள்.

ராயபுரம் அண்ணாச்சி
இப்போதே எல்லாரையும் டேலியை மூடச் சொல்லி, டேலிக்குள்ளேயே இருக்கும் பேக்கப்பை எடுத்து உன் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போ. மற்றதெல்லாம் நாளைக்கு. அப்புறம் டிஸ்க் இரண்டு வாங்கு, மாட்டியபடியே விட்டால் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) வரும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். ஒன்று பட்டறையில், ஒன்று வெளியே.

வியாசர்பாடி நெட்வொர்க்
வெளியே போகும் டிஸ்க் என்பதால் வீமில் என்கிரிப்ஷன் போடுங்கள், பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாது. பாஸ்வேர்டைத் தாளில் எழுதி வையுங்கள், அதே சர்வரில் நோட்பேடில் வேண்டாம், அப்படி ஒருவர் வைத்திருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

கேட்டவர்
இரண்டு வாரம் ஆயிற்று. வீம் ஏஜென்ட் போட்டாச்சு, 2 டிபி டிஸ்க் இரண்டு வாங்கினோம். ஓனர் முனகினார், ஆடி மாத விஷயத்தைச் சொன்னதும் பேசாமல் காசை எடுத்தார். நேற்று ஒரு பழைய சிஸ்டத்தில் டேலி டேட்டாவை மீட்டுப் பார்த்தேன், திறந்தது, முந்தின நாள் பில் வரை இருக்கிறது. டிராயிங் மூன்றை எடுத்தேன், அதுவும் சரி. முழு சர்வரையும் மீட்டுப் பார்க்க வேறு மெஷின் இல்லை, பொங்கல் லீவில் ஒன்று இரவல் வாங்கிச் செய்யப் போகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் டிஸ்க் மாற்றுகிறோம், ஒன்று மாதவரத்தில் ஓனர் வீட்டு மாடிக்குப் போகிறது, பாஸ்வேர்டு தாள் அவர் பீரோவில்.