டாம் அண்ட் ஜெர்ரியில் அந்தத் தண்டவாளக் கதை: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோட்டுக்காரன்

‘ப்ளூ கேட் ப்ளூஸ்’, 1956இல் வந்தது. பெயர் தெரியாவிட்டாலும் டாமும் ஜெர்ரியும் தண்டவாளத்தில் உட்கார்ந்திருக்கும் படம் என்றால் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும்.

என் பெண் யூகேஜி. சோறு ஊட்டும்போது யூடியூபில் ஒன்று முடிந்து ஒன்று ஓடிக்கொண்டிருந்ததில் இதுவும் வந்துவிட்டது. துரத்தல் இல்லை, சட்டியால் அடி இல்லை. பாலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு ஜெர்ரி ஆங்கிலத்தில் கதை சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாய் பேசாத இரண்டு பேரை நம்பித்தானே பாஷை தெரியாத குழந்தைக்கு இதைப் போடுகிறோம்? பாதியிலேயே அவளுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. ஆனால் முடிவு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஊதல் சத்தம் மட்டும் கேட்கிறது, ரயிலைக் காட்டவே இல்லை, படம் முடிந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் சேலம்–பெங்களூரு லைன். வாயில் இருந்ததை விழுங்காமல் கேட்டாள்: "அப்பா, ரெண்டு பேரும் எழுந்துட்டாங்களா?"

"எழுந்துட்டாங்க பாப்பா."

"நீங்க பாத்தீங்களா?"

இதற்கு என்ன பதில் சொல்வது? ராத்திரி வண்டி ஊதினால் இப்போதெல்லாம் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். டாம் அண்ட் ஜெர்ரி என்று நம்பிப் போட்டு ஏமாந்ததுதான் மிச்சம். வேறு யார் வீட்டிலாவது இப்படி ஆனதா?

வசூல் தம்பி, கிருஷ்ணகிரி

அண்ணா, நீங்கள் முடிவை மட்டும் பார்த்துவிட்டுத் திட்டுகிறீர்கள். நடுவில் இருப்பது தங்கம். நான் பைனான்சில் வேலை பார்ப்பவன், அதனால் சொல்கிறேன்.

தான் காதலிக்கிற வெள்ளைப் பூனைக்காக டாம் இருக்கிற காசையெல்லாம் போட்டு ஒரு சின்ன பாட்டில் சென்ட் வாங்கினால், போட்டிக்கு வந்த பணக்காரப் பூனை பட்ச் டேங்கர் லாரியில் அனுப்புகிறான். டாம் வாங்கின வைரத்துக்குப் பூதக்கண்ணாடி வேண்டும், பட்ச் கொடுத்த வைரத்தைப் பார்க்க வெல்டிங் முகமூடி வேண்டும். ஒரு வார்த்தை புரியாமலே எல்லாம் விளங்கும்.

இதை நான் பார்த்தது காவேரிப்பட்டினத்தில் ஒரு டீக்கடை டிவியில். பக்கத்தில் இருந்தவர்தான் அன்றைக்கு நான் தேடிப்போன ஆள். வண்டிக் கடன், மாங்காய் வெட்டினதும் கட்டுகிறேன் என்று சொல்லி இரண்டு சீசன் போய்விட்டது. டாம் காருக்காகக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அப்படி வாங்கின ஓட்டைக் காரின் மேல் பட்ச்சின் நீளமான கார் ஏறிப்போனதும் டம்ளரை வைத்துவிட்டு, "தம்பி, அடுத்த வாரம் வாங்க" என்று எழுந்துவிட்டார். எனக்கும் அன்றைக்கு வற்புறுத்திக் கேட்க வாய் வரவில்லை.

குழந்தைகளுக்கு ஆகாது, சரி. மோசமான படம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு பையன்களின் அம்மா, தருமபுரி

எங்கள் வீட்டிலும் பார்த்தார்கள். டாம் கவலையில் பாலாகக் குடித்துத் தள்ளும்போது பெரியவன் "பால்லயே போதை ஏறுமா?" என்று என் மாமனாரைப் பார்த்துக் கேட்டுவிட்டான். அதோடு டிவியை அணைத்துவிட்டேன்.

பாலக்கோடு சார், தப்பாக நினைக்காதீங்க. முதலில் அந்த ஆட்டோபிளேயை நிறுத்துங்க. செட்டிங்கில் ஒரு பட்டன்தான். ஒரு படம் ஏழு நிமிஷம், முடிந்ததும் போன் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். அடுத்தது, ஊட்டும்போது போனே வேண்டாம். களி உருண்டையைக் கையில் கொடுத்து வாசலில் உட்கார வைத்தால் தானாகச் சாப்பிடும். மூன்றாவது, "எழுந்துட்டாங்க" என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீங்க. எப்படி எழுந்தாங்க, யார் கூப்பிட்டாங்க, வீட்டுக்குப் போய் என்ன சாப்பிட்டாங்க என்று அவளையே சொல்ல விடுங்க. நோட்டும் கலர் பென்சிலும் கொடுத்தால் வரைந்தே முடித்துவிடுவாள். அப்புறம், பின்பக்கம் லைன் இருக்கிற வீட்டில் கொல்லைக் கதவுக்குத் தாழ்ப்பாள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். கார்ட்டூன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அவசியம்.

இன்னொன்று. சாக்கடையில் அடித்துக்கொண்டு போகிற டாமை ஜெர்ரிதான் இழுத்துக் காப்பாற்றும். அதைப் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லலாம். அதற்காக முழுப் படத்தையும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை.

அரூர் பழைய கேபிள்

இதைப் போய் ஏமாற்றம் என்கிறீர்களே! ஏமாற்றம் என்றால் 1961, 62இல் ஜீன் டைட்ச் என்ற வேறொரு இயக்குநர் எடுத்த 13 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள். பிராக் நகரத்தில் குறைந்த செலவில் எடுத்தது. சின்ன வயதில் கேபிளில் டாம் அண்ட் ஜெர்ரி டைட்டில் வந்ததும் ஓடிப்போய் உட்கார்ந்தால், கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி சத்தம். உருவமும் வேறு மாதிரி. அதில் ஒரு குண்டு எஜமானர் வருவார். முகம் சிவக்கச் சிவக்க டாமைப் போட்டு அடிப்பார். ஜெர்ரி அடித்தால் சிரிப்பு வரும், இவர் அடித்தால் வராது. என் தம்பி டிவிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு "முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய ஹன்னா, பார்பெரா இரண்டு பேரும் 1940 முதல் 1958 வரை எடுத்தது 114 படம். ஏழு ஆஸ்கர். அதில் ஒன்று சோகமாக முடிந்தால் குடியா முழுகிவிடும்? வசூல் தம்பி சொன்னதுதான் சரி. பாப்பாவிடம் சொல்லுங்கள், அதற்கப்புறமும் இரண்டு வருஷம் படம் வந்தது, இரண்டு பேரும் நன்றாகத்தான் இருந்தார்கள் என்று.

பழையபேட்டை

எங்கள் கிருஷ்ணகிரி டவுனில் ரயிலே கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து ஒரு சின்ன லைன் வந்ததாம், அதையும் பிடுங்கிவிட்டார்கள். எலெக்‌ஷன் வந்தால் மட்டும் ரயில் வரும். அதை விடுங்கள். என் மகன் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏன் ஏணி மேல உட்கார்ந்திருக்காங்க?" ஊதல் சத்தத்தைக் குக்கர் என்று நினைத்திருப்பான் போல. அடுத்த வீடியோ போடு என்றான்.

பாலக்கோட்டுக்காரன்

அக்கா, தாழ்ப்பாள் ஏற்கெனவே மேலேதான் இருக்கிறது. அரூர் அண்ணா, சும்மா சொன்னால் என் பெண் நம்ப மாட்டாள், காட்ட வேண்டும். அதற்கப்புறம் வந்ததில் ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள்.

அரூர் பழைய கேபிள்

‘டாட் வாட்சர்ஸ்’, 1958. ஹன்னா, பார்பெரா எடுத்ததில் அதுதான் கடைசி. டாமும் ஜெர்ரியும் சேர்ந்து ஒரு கைக்குழந்தையைக் காப்பாற்றுவார்கள். ஆனால் அந்தக் குழந்தை தவழ்ந்து போவது கட்டடம் கட்டுகிற இடத்தில், இரும்புக் கம்பி மேலே. அதற்கும் கேள்வி வரும், பதிலைத் தயார் செய்துகொண்டு போடுங்கள்.