கம்பு ஊன்றிப் போகிறவர் ஓட்டக்காரரா?

மேடுபள்ளம்:
மோன் பிளாங்க் மலையைச் சுற்றி ஆண்டுதோறும் நடத்தப்படும் யூடிஎம்பி என்ற மலை ஓட்டப் போட்டியை, "கம்பு ஊன்றிக்கொண்டு போகும் சுற்றுலா" என்று நேற்று ‘நாற்பத்திரண்டு’ இங்கே எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. பிரான்சின் சாமொனியில் புறப்பட்டு, இத்தாலியையும் சுவிட்சர்லாந்தையும் தொட்டு, மறுபடி சாமொனிக்கே வந்து சேரும் அந்தப் பாதை ஏறத்தாழ 171 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் மட்டும் சுமார் 10,000 மீட்டர். அதை 2022இல் ஸ்பெயினின் மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னெட் 19 மணி 49 நிமிடத்தில் முடித்தார். 20 மணி நேரத்துக்குள் முடித்தவர்களில் அவரே முதல்வர். ஏற்காட்டுப் பாதையில் 15 கிலோமீட்டர் ஓடிவிட்டு இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாமல் தவிக்கும் எனக்கு அதன் அருமை தெரியும்.

நாற்பத்திரண்டு:
உங்கள் கணக்கையே வகுத்துப் பாருங்கள், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 7 நிமிடம் வருகிறது. மெரினாவில் நாள்தோறும் நான் அதைவிட விரைவாக ஓடுகிறேன். கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2022 பெர்லின் மாரத்தானில் கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 52 விநாடி வேகத்தில் ஓடினார். அவர் கையில் கம்பு இல்லை.

மேடுபள்ளம்:
கலங்கரை விளக்கத்தின் படிக்கட்டைத் தவிர மெரினாவில் ஏற்றம் எங்கே இருக்கிறது, ஐயா? யூடிஎம்பியில் கம்பு கட்டாயமில்லை. கொண்டுவருபவர் தொடக்கம் முதல் முடிவு வரை அதைத் தாமே சுமந்தாக வேண்டும், வழியில் எறிந்துவிட முடியாது. கலிபோர்னியாவின் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் போட்டியிலோ கம்புக்கு அனுமதியே இல்லை. அங்கே 2019இல் அமெரிக்க ஓட்டக்காரர் ஜிம் வால்ம்ஸ்லி 100 மைலை 14 மணி 9 நிமிடத்தில் ஓடி முடித்தார்.

நாற்பத்திரண்டு:
ஓரிடத்தில் தடை செய்திருக்கிறார்கள் என்றால், கம்பு உதவிதான் என்று மலை ஓட்டக்காரர்களே ஒப்புக்கொண்டதாகத்தானே பொருள்? மூங்கில் கம்பு ஊன்றி வெள்ளியங்கிரி ஏறும் பக்தர்கள் அனைவருக்கும் பதக்கம் கொடுத்துவிடலாமே.

நொய்யல்:
உங்கள் சண்டைக்குள் வெள்ளியங்கிரியை இழுக்க வேண்டாம். ஏழு மலையையும் விரதமிருந்து ஏறுகிறவர்கள் எவரோடும் போட்டி போடுவதில்லை. சென்னையில் உட்கார்ந்துகொண்டு கேலி செய்வது எளிது.

நாற்பத்திரண்டு:
நான் பக்தர்களைக் கேலி செய்யவில்லை, கம்பைப் பற்றித்தான் கேட்டேன்.

கடைசிவரிசை:
முதலில் ஓட்டம் என்பது எது என்று முடிவு செய்துகொள்ளலாமே? நடைப் போட்டியில் இரு கால்களும் தரையை விட்டு எழக் கூடாது என்று விதி இருக்கிறது. ஓட்டப் போட்டியில் நடக்கக் கூடாது என்று நான் எந்த விதியையும் கண்டதில்லை.

மேடுபள்ளம்:
வரையறையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் சொன்ன வால்ம்ஸ்லி சாலையிலும் சாதாரண ஆள் இல்லை. 2020இல் அட்லாண்டாவில் நடந்த அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தானை 2 மணி 15 நிமிடத்தில் ஓடியவர். அப்படிப்பட்டவர் யூடிஎம்பியில் 2017இல் ஐந்தாவதாக வந்தார், 2018இலும் 2021இலும் முடிக்க முடியாமல் விலகினார், பிரான்சுக்கே குடிபெயர்ந்து பயிற்சி செய்தும் 2022இல் நான்காவதாகத்தான் வந்தார், கடைசியில் 2023இல்தான் வென்றார். சாலையில் வேகமாக ஓடுகிறவன் கம்பை எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றால், அவருக்கு ஏன் அத்தனை ஆண்டுகள் ஆயின?

நாற்பத்திரண்டு:
அந்தத் தேர்வில் அவர் பெற்றது 22ஆம் இடம் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? சாலையில் 22ஆவதாக வந்தவர் மலையில் முதலாவதாக வருகிறார். நான் தொடக்கத்திலிருந்து சொல்வதும் அதுதானே?

மேடுபள்ளம்:
சாலையில் அவருக்கு முன்னால் வந்த 21 பேரில் ஒருவரையாவது சாமொனிக்கு அனுப்பிவையுங்கள், பேசலாம். கிப்சோகேயைச் சொன்னீர்களே, வியன்னாவில் 2019இல் அவர் மாரத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிடம் 40 விநாடியில் ஓடியது உலக சாதனையாக ஏற்கப்படவில்லையே, ஏன்? 41 பேர் முறை வைத்து மாறி மாறி உடன் ஓடி வேகம் காட்டினார்கள், சைக்கிளில் வந்து தண்ணீர் கொடுத்தார்கள். அது கம்பைவிடப் பெரிய ஊன்றுகோல் இல்லையா?

நாற்பத்திரண்டு:
நான் சொன்னது பெர்லினை; வியன்னாவை இழுத்தவர் நீங்கள். பேச்சை மாற்றுவது உங்களுக்குப் புதிதல்ல, சென்ற ஆண்டு காலணி விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

மேடுபள்ளம்:
சென்ற ஆண்டைப் பற்றிப் பேசுவதென்றால், 30ஆவது கிலோமீட்டரில் தசைப்பிடிப்பு வந்து ஆட்டோவில் வீடு திரும்பியவர் யார் என்பதையும் பேசலாம். மெரினா வேகம் அன்றைக்கு எங்கே போயிற்று? அமெரிக்காவின் கோர்ட்னி டாவால்டர் 2023இல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ், கொலராடோ மலைகளில் நடக்கும் ஹார்ட்ராக், யூடிஎம்பி மூன்றிலும் பெண்கள் பிரிவில் ஒரே கோடையில் வென்றார். மூன்றும் நூறு மைல் போட்டிகள். அவரைச் சுற்றுலாப் பயணி என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா?

நாற்பத்திரண்டு:
அன்று ஆட்டோவில் வந்தேன், கம்பு ஊன்றி வரவில்லை. அது இருக்கட்டும், ஹார்ட்ராக்கில் கம்புக்கு அனுமதி உண்டா, இல்லையா?

மேடுபள்ளம்:
உண்டு. அதனால் என்ன?

நாற்பத்திரண்டு:
நான் கேட்டதற்கு விடை கிடைத்துவிட்டது.

கடைசிவரிசை:
என் கேள்விக்குத்தான் இன்னும் எவரும் விடை சொல்லவில்லை.

மேடுபள்ளம்:
அனுமதி என்பது வேறு, கட்டாயம் என்பது வேறு என்று மேலேயே எழுதியிருக்கிறேன். நாளை விடியுமுன் ஏற்காட்டுக்குப் போகிறேன். இறங்கி வந்ததும் மீதியை எழுதுகிறேன்.

நாற்பத்திரண்டு:
கம்பை மறந்துவிடாதீர்கள்.

மேடுபள்ளம்:
என்னிடம் கம்பே கிடையாது.