386 மதர்போர்டில் பேட்டரி கசிந்து களிம்பு: 6 பீப், திரை வரவில்லை

சோமனூர் தறி:
வணக்கங்க. தறிக்குடோன் கணக்கு எழுத அப்பா 1993இல் வாங்கிய 386 கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. பாவு, ஊடை, கூலி எல்லாம் அதில்தான் போட்டு வைத்திருந்தார். இறக்கித் திறந்தால் உள்ளே விரல் கனத்துக்குப் பஞ்சு. ஊதி எடுத்தபிறகு பார்த்தால், கீபோர்டு சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீல நிறக் குட்டி பேட்டரி, அதைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. கரண்ட் கொடுத்தால் ஃபேன் சுற்றுகிறது, 6 பீப் அடிக்கிறது, திரை கருப்பாகவே இருக்கிறது. ராம் நான்கையும் இடம் மாற்றிப் பார்த்தேன், அதே 6தான். ஒரு கடையில் காட்டினேன், தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். ஆனால் ஹார்ட் டிஸ்கில் அப்பாவின் கணக்கு இருக்கிறது, எப்படியாவது எடுக்க வேண்டும். செம்புக் குடம் மாதிரி புளி போட்டுத் தேய் என்கிறார் அம்மா. பேக்கிங் சோடா போடு என்கிறான் நண்பன். எது சரிங்க?

பல்லடத்தான்:
தம்பி, முதலில் கரண்ட் கொடுப்பதை நிறுத்துங்க. பேட்டரியின் காலை வெட்டி எடுத்துவிடுங்க. அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். அதனால் சோடா இங்கே உதவாது, அது அமிலக் கசிவுக்குத்தான். காரத்துக்குப் புளிப்புதான் முறிவு. அம்மா சொன்னதில் பாதி சரி, ஆனால் புளியின் சக்கை ஐசி (சிப்) அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெள்ளை வினிகர் வாங்கி, மெதுவான டூத் பிரஷ்ஷால் தடவுங்க. லேசாக நுரைக்கும். அடங்கினதும் டிஸ்டில்டு வாட்டரில் நன்றாக அலசுங்க. நம்ம போர் தண்ணி உப்பு, அதை விடவே விடாதீங்க. சிறுவாணித் தண்ணியானாலும் வேண்டாம். கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவி, ஒரு நாள் நிழலில் காயவிடுங்க. காட்மியம் விஷம், கையுறை போடுங்க. காய்ந்த களிம்பை உரசித் தூசி கிளப்ப வேண்டாம்.

கோவை வைண்டிங்:
பயாஸ், அதாவது கம்ப்யூட்டரைத் துவக்கும் புரோகிராம், ஏஎம்ஐ கம்பெனியுடையது என்றால் 6 பீப்புக்கு அர்த்தம் கீபோர்டு கன்ட்ரோலர், அதன் வழியாக இயங்கும் ஏ20 கேட் என்ற சிக்னல் கோளாறு. ராமுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்த கன்ட்ரோலர், 40 கால் உள்ள நீளமான 8042 வகை ஐசி, பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐசியே போயிருக்கலாம், ஆனால் எனக்கு முதல் சந்தேகம் டிராக், அதாவது போர்டில் ஓடும் செம்புக் கோடுகள் மேல்தான். களிம்பு போர்டின் பச்சைப் பூச்சுக்கு அடியிலேயே ஊர்ந்து போகும், துளை வழியாகப் பின்பக்கமும் இறங்கும். கருத்துத் தெரிகிற ஒவ்வொரு டிராக்கையும் மல்டிமீட்டரில் பஸ்ஸர் வைத்து, இந்த முனைக்கும் அந்த முனைக்கும் பாருங்க. சத்தம் வராத இடத்தில் எனாமல் செம்புக் கம்பியால் பாலம் போடுங்க. மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் ஒரு முழம் சும்மாவே கொடுப்பார்கள். மெல்லிசாக வாங்குங்க, முனையில் எனாமலைச் சுரண்டிவிட்டு வையுங்க.

சோமனூர் தறி:
பல்லடத்து அண்ணா, கோவை அண்ணா, இரண்டு பேர் சொன்னபடியும் செய்தேன். பயாஸ் ஸ்டிக்கரில் ஏஎம்ஐ என்றுதான் இருக்கிறது. ஒரு இடத்தில் ஊசியால் தொட்டதும் பச்சைப் பூச்சு வெங்காயத்தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் செம்பே இல்லை, கருப்புப் பொடிதான். மூன்று டிராக் அறுந்திருந்தது. முதலில் ஈயம் ஒட்டவே இல்லை, உருண்டையாக உருண்டு ஓடியது.

கோவை வைண்டிங்:
களிம்பின் மேல் ஈயம் பிடிக்காது. செம்பு பளபளவென்று தெரிகிறவரை ஈரம் வைத்தே சுரண்டி, ஈயம் பிடிக்க உதவும் ஃப்ளக்ஸ் தடவி அப்புறம் வையுங்க.

சோமனூர் தறி:
பிடித்துவிட்டதுங்க! 6 பீப் நின்றுவிட்டது, திரையில் மெமரி எண்ணுகிறது. ஆனால் சிமாஸ் (செட்டப் விவரங்களை வைத்திருக்கும் மெமரி) பேட்டரி லோ என்று வருகிறது, ஹார்ட் டிஸ்கையும் காணோம். பழைய பேட்டரி இடத்தில் சிஆர்2032 என்ற காசு வடிவப் பேட்டரி வைக்கலாமா?

பல்லடத்தான்:
அப்படியே வைத்துவிடாதீங்க. போர்டு அந்த இடத்துக்குச் சார்ஜ் கொடுக்கும், சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாத பேட்டரி. நடுவில், ஒரே திசையில் மட்டும் கரண்ட் விடும் டையோடு ஒன்று போட்டுச் சார்ஜைத் தடுங்க. அதைவிட, நான்கு பின் உள்ள வெளி பேட்டரி கனெக்டர் இருந்தால் அதுவே நல்லது. போர்டிலிருந்து தள்ளி ஒயரில் மாட்டலாம், இனிக் கசிந்தாலும் போர்டுக்குப் போகாது. ஹார்ட் டிஸ்கின் லேபிளில் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்கள் இருக்கும். செட்டப்பில் அதைக் கையால் போடுங்க.

சோமனூர் தறி:
போட்டேன், சி டிரைவ் வந்துவிட்டது. பாவு வாரியாக, ஆள் வாரியாக அப்பா வைத்த ஃபைல் எல்லாம் அப்படியே இருக்கிறது. இப்போது ஃப்ளாப்பியில் ஒவ்வொன்றாக நகல் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றிங்க.