இருபது ரூபாய்க்காகப் பள்ளிக்கூடம் வராத பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முள்ளியாற்றங்கரை எழுதியது:

31 வருடம் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரும்பாலும் திருத்துறைப்பூண்டியைச் சுற்றியுள்ள, ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக் கிராமங்கள். ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்களையும் கேட்கலாம் என்று ஆரம்பிக்கிறேன்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். இந்தியா வரைபடம் போடச் சொன்னால் இலங்கையை மறக்காமல் போடுகிற ஒரே ஆள். 2013 ஜூலையில் சேர்ந்தாற்போல் ஒன்பது நாள் வரவில்லை. பத்தாம் நாள் வந்தபோது வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, எல்லார் முன்னாலும், "எங்கம்மா போயிருந்த, கல்யாணத்துக்கா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பே சிரித்தது. "காய்ச்சல் சார்" என்றாள். மறுநாளிலிருந்து மறுபடியும் காணோம்.

சனிக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு அவள் தெருவுக்குப் போனேன். அம்மா வீட்டில்தான் இருந்தார். வேலை இருந்தால்தானே வெளியே போவதற்கு? கொஞ்ச நேரம் எதையெதையோ பேசிவிட்டு அப்புறம் சொன்னார்: "வரைபடத் தாளும் கலர் பென்சிலும் வாங்கிட்டு வரணும், இல்லாதவங்க வெளியில நிக்கணும்னு சொன்னீங்களாமே சார். இருபது ரூபா ஆகுமாம். கடையில ஏற்கெனவே பாக்கி. தண்ணி வந்து வேலை ஆரம்பிச்சதும் வாங்கித் தரேன், அதுவரைக்கும் இருடின்னு நான்தான் சொன்னேன்."

வெளியில் நிற்கச் சொன்னது நான்தான். சொன்னதே எனக்கு ஞாபகமில்லை.

டெல்டாவில் பிறந்து வளர்ந்தும் அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கணக்குப் புரிந்தது. பள்ளிக்கூடம் திறப்பது ஜூன் மாதம். மேட்டூர் அணை திறக்கும் நாள் என்று நாம் சொல்வது ஜூன் 12. அன்றைக்கே திறந்தாலும் கல்லணை தாண்டி, வெண்ணாறு தாண்டி, எங்கள் பக்கத்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12-இல் திறக்கவே இல்லை. நான் சொல்கிற 2013-இல் ஆகஸ்டில்தான் திறந்தார்கள். தையில் அறுத்த கூலி பங்குனியிலேயே தீர்ந்துவிடும். சித்திரை, வைகாசி, ஆனி மூன்று மாதமும் நூறு நாள் வேலை கிடைத்தால் உண்டு. சரியாக அந்த வறண்ட நேரத்தில்தான் நாங்கள் நோட்டு, அட்டை, ஜியாமெட்ரி பாக்ஸ் என்று பட்டியல் போடுவோம். இன்னொரு வறட்சி ஐப்பசி, கார்த்திகையில். நடவும் களையும் முடிந்து மழை பிடித்துக்கொள்ளும். அறுப்பு வரைக்கும் கையில் ஒன்றும் புரளாது. அரையாண்டுத் தேர்வு நெருங்குகிற நேரம் அது.

அதற்கப்புறம் வகுப்பு பீரோவில் ஒரு பிஸ்கட் டின்னில் பென்சில், தாள், அளவுகோல் எல்லாம் போட்டு வைத்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டாம் என்றேன். ஒரே வாரத்தில் டின் காலி. வசதியான வீட்டுப் பையன்கள்தான் அதிகம் எடுத்தார்கள். எடுத்தால் இல்லாதவன் என்று தெரிந்துவிடும் என்று இல்லாத பிள்ளைகள் தொடவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் மிகச் சாதாரணமான ஒரு வழிதான் நின்றது: கடையில் வாங்க வேண்டிய எதையும் வீட்டுப்பாடமாகக் கொடுப்பதில்லை. வரைபடம் வேண்டுமா, பள்ளிக்கூடத்திலேயே எல்லாருக்கும் ஒரு தாள். ஊர் சுற்றுலாவா, எல்லாரும் போக முடிந்தால் போவோம், இல்லாவிட்டால் யாரும் இல்லை. இதற்காக சக ஆசிரியர்களிடம் கஞ்சன் என்று பெயர் வாங்கினேன்.

உங்களுக்குத் தெரிந்த பிள்ளைகள் எதற்காக நின்றார்கள்? பள்ளிக்கூடம் என்ன செய்தது, அல்லது செய்யாமல் விட்டது?


கோரையாறு எழுதியது:

சார், நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். முத்துப்பேட்டைக்குப் பக்கம். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறேன். என் தம்பி கதையைச் சொல்கிறேன்.

2018 நவம்பர் 16, கஜா புயல். அப்பா தென்னை ஏறுகிறவர். ஒரே ராத்திரியில் ஏறுவதற்கு மரமே இல்லாமல் போய்விட்டது. அடுத்த அறுப்பு முடிந்ததும், வழக்கம்போல ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வயலில் கிடை போட ஆடு ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆட்டு மந்தைக்காரரான ஒரு கீதாரியிடம் அப்பா முன்பணம் வாங்கிக்கொண்டு தம்பியை ஆடு மேய்க்க விட்டுவிட்டார். அவன் அப்போது ஏழாவது. எனக்கு அப்பா மேல் இன்னும் கோபம் உண்டு. ஆனால் அன்றைக்கு எங்கள் வீட்டுக்குக் கூரைகூட இல்லை.

வகுப்பில் அவனைத் தேடியது ஒரே ஒரு டீச்சர். அம்மாவிடம் மூன்று தடவை வந்து கேட்டார். மூன்று தடவையும் "மாமா வீட்டுக்குப் போயிருக்கான்" என்று அம்மா சொன்னார். நாலாவது தடவை என்னைத் தனியாகப் பிடித்தார். நான் சொல்லிவிட்டேன். மற்றவர்களாக இருந்தால் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இவர் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டார். அப்பாவுக்குப் பயம், வாங்கிய பணத்தை எப்படித் திருப்புவது என்று. "முன்பணத்துக்காக ஒருத்தரைப் பிடித்து வைத்து வேலை வாங்குவது கொத்தடிமை முறை. 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தாயிற்று. அந்தக் கடனே செல்லாது, நீங்கள் ஒரு பைசா திருப்ப வேண்டாம்" என்று டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. தம்பியைக் கொண்டுவந்து சேர்க்க ஏழு மாதம் ஆனது.

சினிமாவில் என்றால் இத்தோடு முடிந்துவிடும். அவன் வந்த பிறகுதான் கஷ்டமே. வயசுக்குத் தக்க வகுப்பில் உட்கார வைக்க வேண்டும் என்பது சட்டம், எட்டாவதில் உட்கார வைத்தார்கள். பையன்கள் அவனை "மே" என்று கூப்பிட்டார்கள். தமிழ் வாசித்துவிடுவான். கணக்கில் பின்னம் தொடங்கி ஒன்றும் தெரியவில்லை. விட்டுப்போன பாடத்தைத் தனியாக உட்கார வைத்துச் சொல்லித்தர ஆள் இல்லை. அந்த டீச்சரும் மாற்றலில் போய்விட்டார். பத்தாவதில் கணக்கில் போய்விட்டான். இப்போது அறுப்பு மெஷினோடு கிளீனராகப் போகிறான்.

பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்று எல்லாரும் நினைத்துவிட்டார்கள் சார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.


ஒரத்தநாட்டான் எழுதியது:

மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புத்தகம் இலவசம், நோட்டு, சீருடை, செருப்பு, பை இலவசம், பஸ் பாஸ், பதினொன்றாவதில் சைக்கிள், மதியம் முட்டையோடு சோறு, இப்போது காலையிலும் டிபன். இதற்கு மேலும் வறுமையால் படிக்கவில்லை என்றால் யார் மேல் தப்பு? சாயங்காலம் கடை வாசலில் நிற்கிற அப்பாக்களைப் பற்றி யாராவது எழுதுங்களேன்.


உப்பளத்து டீச்சர் எழுதியது:

ஒரத்தநாட்டான் ஐயா, குடியைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. சம்பள நாளில் அப்பாவைத் தேடிக் கடைக்குப் போன பிள்ளை மறுநாள் வீட்டுப்பாடம் செய்யாமல் வருவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் இலவசம் என்று நீங்கள் போட்ட பட்டியலில் கைக்கு வரும் பொருள்தான் இருக்கிறது, வங்கிக் கணக்குக்கு வரும் பணம் அதில் இல்லை. இந்த இரண்டாவது வகை எப்படி நழுவுகிறது என்று சொல்கிறேன்.

வேதாரண்யம் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா அம்மா இருவரும் உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பையன், எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு எழுதித் தேர்வானான். ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை, நாலு வருடத்துக்கு 48,000. ஊரே கொண்டாடியது. ஆனால் கணக்கில் பணம் ஏறவில்லை. ஏனென்றால் ஆதாரில் அவன் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பள்ளிப் பதிவில் இனிஷியல் மட்டும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலும் இல்லை. மூன்று இடத்தில் மூன்று பிள்ளை.

திருத்த வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். ஆதார் மையத்துக்கு ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்கு ஒரு நாள். அங்கே கட்டணம் 60 ரூபாய்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகிறது. உப்பு வாருகிற பருவத்தில் இரண்டு நாள் போகாவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். "விடுங்க டீச்சர், வர்றப்ப வரட்டும்" என்றார் அவர். அலட்சியம் என்று முதலில் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் சொன்னது அந்த மாதத்துக்குச் சரிதான்.

இப்போது என்ன செய்கிறோம் என்றால், ஆறாம் வகுப்பில் சேரும்போதே ஆதார், வங்கிப் புத்தகம், சாதிச் சான்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்துவிடுகிறோம். தப்பு இருக்கிற பிள்ளைகளைச் சேர்த்து, பெற்றோருக்கு வேலையில்லாத மாதமாகப் பார்த்து ஒரே நாளில் அழைத்துப்போகிறோம். எங்கள் பக்கம் மழைக்காலத்தில் உப்பளம் ஓடாது, அதனால் ஐப்பசிதான் தோது. முள்ளியாற்றங்கரை ஐயா சொன்ன அதே நாட்காட்டி, உப்புக்காரர்களுக்குக் கொஞ்சம் தள்ளி விழுகிறது. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு முடித்துக் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வாங்கவும் இதே காகிதங்கள்தான் வேண்டும். இது ஆசிரியர் வேலையா என்று கேட்டால், இல்லைதான். எழுத்தர் ஒருவர் இருந்தால் நான் ஆங்கிலப் பாடத்தை முடித்திருப்பேன்.


வெண்ணாறு மகளிர் குழு எழுதியது:

எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும். நான் காலை உணவு சமைக்கிறவள். எங்கள் மாவட்டத்துத் திருக்குவளையில்தான் 2023 ஆகஸ்ட் 25 அன்று இந்தத் திட்டத்தை எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிக்கும் கொண்டுவந்தார்கள். அந்தப் பள்ளியில் நம் பிள்ளை படித்தால்தான் சமையலுக்குச் சேர்ப்பார்கள், என் மகள் மூன்றாவது படித்தாள், சேர்ந்தேன்.

அதற்கு முன்னால் எங்கள் தெருவில் நடவுக் காலத்தில் அம்மாக்கள் விடிவதற்குள் கிளம்பிவிடுவார்கள். பழைய சோறு இருந்தால் பிள்ளை தின்னும், இல்லையென்றால் அப்படியே வரும். பத்தரை மணிக்கு வயிற்றை வலிக்கிறது என்று அழும். டீச்சர்கள் மாத்திரை கொடுப்பார்கள், நான் பார்த்திருக்கிறேன். இப்போது அந்த வயிற்றுவலி போய்விட்டது.

ஒரத்தநாட்டு அண்ணாவுக்கு ஒன்று. இந்தச் சாப்பாடு ஐந்தாவது வரைக்கும்தான். எங்கள் பள்ளி நடுநிலைப்பள்ளி, எட்டாவது வரை ஒரே வளாகம். ஆறாவது போன பையன் தங்கச்சியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து தட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டு, வேப்பமரத்தடிக்குப் போய் நிற்பான். போன வருஷம் அவனும் இதே வரிசையில் உட்கார்ந்து தின்றவன். ஒரு வயசு கூடினதும் பசிக்காதா? ஒரு நாள் கூப்பிட்டேன். "நான் வீட்டுலயே சாப்பிட்டேன் அத்தை" என்றான். அவன் வீட்டில் அன்றைக்கு அடுப்பே மூட்டவில்லை, எனக்குத் தெரியும், பக்கத்து வீடு.

தலைமை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, பெரிய பையன்கள் ரெண்டு ரெண்டு பேராகத் தினமும் முறை வைத்துப் பரிமாற வரட்டும் என்றார். பரிமாறுகிறவர்கள் சாப்பிடாமல் போகக்கூடாது இல்லையா. மிஞ்சுகிற உப்புமாவிலும் கிச்சடியிலும் ஆளுக்கு ஒரு கரண்டி. அந்தப் பையனுக்கு முறை மட்டும் கொஞ்சம் அடிக்கடி வரும். கணக்கில் எப்படி எழுதுகிறோம் என்று யாரும் கேட்காதீர்கள்.


ஒரத்தநாட்டான் எழுதியது:

கேட்கமாட்டேன் தங்கச்சி.

நான் ஒன்பதாவது படிக்கும்போது குரூப் போட்டோவுக்குப் பணம் கட்டாதவர்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். போட்டோவில் நான் இருக்கிறேன், பாதி உடம்போடு. என் பிள்ளைகளிடம் அந்தப் படத்தைக் காட்டியதில்லை. அப்பா குடிக்கிறவர்தான், அதனால்தான் அப்படி எழுதினேன் போலிருக்கிறது. அது கிடக்கட்டும்.


முள்ளியாற்றங்கரை எழுதியது:

டீச்சரம்மா, ஆறாம் வகுப்பிலேயே மூன்று காகிதத்தையும் சேர்த்துப் பார்ப்பது நான் வேலையில் இருந்தபோது எனக்குத் தோன்றவில்லை. எங்கள் ஊர்த் தலைமை ஆசிரியரிடம் இன்று சாயங்காலம் சொல்கிறேன்.

கோரையாறு தம்பி, பத்தாவது கணக்கு ஒரே பாடம்தானே, தனித்தேர்வராக மறுபடி எழுதலாம். நான் கணக்கு வாத்தியார் இல்லை, ஆனால் பின்னம் சொல்லித்தரத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். பணம் பேச்சு வேண்டாம். தம்பிக்கு இஷ்டமா என்று முதலில் அவனையே கேள்.


கோரையாறு எழுதியது:

கேட்டேன் சார். "அவர் திட்டுவாரா?" என்று கேட்கிறான். இல்லை என்று சொல்லியிருக்கிறேன். சம்பா அறுப்பு முடிந்து மெஷின் ஷெட்டுக்குப் போனதும் அழைத்து வருகிறேன்.