மறுமொழி: மண்சாலையின் குறுக்கு வரிகளுக்குக் கலைச்சொல் – ‘சாலையறல்’

அன்புடையீர், வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் கிப் ரிவர் சாலையில் நான்குசக்கர இயக்க வண்டி ஓட்டுவோருக்காகத் தமிழில் வழிகாட்டி எழுதிவரும் நண்பர், மண்சாலையின் குறுக்கே வரிவரியாக எழும் மேடுபள்ளத்துக்கு ஒரு சொல் கேட்டிருந்தார். ‘சலவைப்பலகைச் சாலை’, ‘நெளிதகட்டுச் சாலை’, ‘தடதடப்புச் சாலை’ என மூன்று பரிந்துரைகள் இதுவரை வந்துள்ளன. அவற்றை எடைபோடுமுன் பொருளின் தன்மையைச் சற்று விரிவாகப் பேசிவிடுவது முறை என்று எனக்குப் படுகிறது. இந்த வரிகள் எப்படி உண்டாகின்றன என்பதைச் சொல் மறைத்துவிட்டால், அவற்றின்மேல் எப்படி ஓட்டுவது என்பதை விளக்கும் இடத்திலும் நாம் தடுமாறுவோம்.

கிம்பர்லி பகுதியில் டெர்பிக்கும் குனுனரா அருகிலுள்ள சந்திப்புக்கும் இடையே ஏறத்தாழ 660 கி.மீ. நீளும் அந்தச் சாலை, பண்ணைகளிலிருந்து மாடுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்வதற்காக 1960களில் போடப்பட்டது. மழைக்காலம் முடிந்து வழி திறந்ததும் கிரேடர் என்னும் மண் சமன்செய்யும் இயந்திரம் வந்து மட்டப்படுத்திச் செல்லும். வண்டிகள் ஓடத் தொடங்கியதும் வரிகள் திரும்ப முளைத்துவிடும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே பெரும்பாலும் அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர்வரை இருக்கும். பள்ளத்தின் ஆழம் சில சென்டிமீட்டர்தான். இவ்வளவு சிறிய பள்ளம் இவ்வளவு பெரிய வண்டியை உலுக்கிவிடுவதற்குக் காரணம், ஆழம் அன்று. ஒரே சீரான இடைவெளி.

நிக்கோலா தாபெர்லே, ஸ்டீபன் மாரிஸ், ஜிம் மக்எல்வைன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நமக்கு மிகவும் உதவுகிறது. சுழலும் வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சக்கரத்தை உருளவிட்டு அவர்கள் பார்த்தார்கள். குறிப்பிட்ட ஒரு வேகத்துக்குக் கீழே மணல் சமமாகவே கிடந்தது. அதைத் தாண்டியதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரிகள் தோன்றி, நாளடைவில் வட்டம் முழுவதும் பரவின. மண் இறுகுவதோ, பருமணலும் பொடிமணலும் பிரிந்து சேருவதோ இதற்குத் தேவையில்லை என்று அவர்களுடைய கணினி உருவகப்படுத்தல்கள் (simulations) காட்டின. வரிகள் உருவானபின் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. சக்கரம் போகும் திசையிலேயே மெல்ல நகர்கின்றன. சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைக்குமாறு வேண்டுகிறேன்.

இனி ஓட்டுநரின் பக்கம். முகடுகளுக்கிடையே 75 சென்டிமீட்டர் என்று கொண்டால், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 15 முறை இடிபடுகிறது. வண்டியைத் தாங்கும் வில்லுக்கு (ஸ்பிரிங்) கீழே தொங்கும் சக்கரமும் அச்சும் இயல்பாகத் துள்ளும் அதிர்வெண் பெரும்பாலான வண்டிகளில் நொடிக்கு 10 முதல் 15வரை. ஆகவே அந்த வேகத்தில் இடியும் இயல்பான துள்ளலும் ஒத்துப்போய், அதாவது ஒத்ததிர்வு (resonance) நேர்ந்து, சக்கரம் துள்ளித் துள்ளி விழுகிறது. வேகம் 80ஐ நெருங்கினால் இடிகள் இரட்டிப்பாகும். சக்கரத்துக்குப் பள்ளத்தில் இறங்க நேரம் கிடைக்காது. முகட்டிலிருந்து முகட்டுக்குத் தாவிச் செல்லும். உள்ளே இருப்பவருக்கு மெத்தென்று இருக்கும். ‘வேகமாகப் போனால் ஆட்டம் நின்றுவிடும்’ என்று ஓட்டுநர்கள் சொல்வதன் காரணம் இதுவே. ஆனால் அப்போது டயர் தரையைத் தொட்டிருக்கும் நேரம் குறைந்துவிடுகிறது என்பதை வழிகாட்டியில் அழுத்தமாக எழுத வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி நிற்க நெடுந்தூரம் ஆகும். வளைவில் பின்பக்கம் வழுக்கும். எதிரே மாடு வந்தால் திருப்பவும் முடியாது. சொகுசுக்காக வேகத்தைக் கூட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

அதைவிடப் பாதுகாப்பான வழி டயரில் காற்றை இறக்குவது. தார்ச்சாலைக்கு 38 பி.எஸ்.ஐ. வைத்திருந்தால் 28 அளவுக்குக் குறைக்கலாம்; பாரம் கூடுதலாக இருந்தால் இவ்வளவு குறைக்கக் கூடாது. காற்று இறங்கிய டயர் முகட்டைத் தானே உள்வாங்கிக்கொள்வதால், இடியின் கூர்மை வில்லுக்குப் போகுமுன்பே மழுங்குகிறது. ஆனால் அந்த நிலையில் வேகமாக ஓட்டினால் டயரின் பக்கச்சுவர் சூடேறிக் கிழியும். ஆகவே வேகத்தை அடக்கி, தார்ச்சாலை வந்ததும் மறக்காமல் காற்றை ஏற்ற வேண்டும்.

ஷாக் அப்சார்பரைப் பற்றித் தனியே ஒரு பத்தி அந்த வழிகாட்டியில் இருக்க வேண்டும். அதன் வேலை அசைவை வெப்பமாக மாற்றுவது: உள்ளே பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கிக்கொண்டு ஓடிச் சூடேறுகிறது. வரிகள் நிறைந்த சாலையில் நெடுநேரம் நிற்காமல் ஓட்டினால், வண்டியை நிறுத்திப் பின்சக்கரத்தின் அருகே குனியும்போதே அனல் தெரியும். உருளையில் கை வைக்க முடியாது. காற்றும் எண்ணெயும் கலந்து நுரைத்துவிட்டால் துளை வழியே போவது நுரைதான்; அப்போது அது அசைவை அடக்காது, வில் தன்பாட்டுக்கு ஆடும். நைட்ரஜன் அழுத்தம் ஏற்றிய ஒற்றைக்குழாய் வகை இந்த நுரைப்பை நன்கு தாங்கும். எந்த வகையானாலும் இடையிடையே நிறுத்தி ஆறவிடுவதற்கு ஈடில்லை. அந்த நிறுத்தத்திலேயே மேல்கூரைத் தாங்கியின் போல்ட்டுகளையும் பேட்டரிப் பட்டையையும் ஒருமுறை இறுக்கிவிடலாம்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். துணியைத் தேய்த்துத் துவைக்கும் வரிப்பலகையான சலவைப்பலகை நம் வீடுகளில் புழங்கிய பொருள் அன்று, நமக்குத் துவைகல்தான். நெளிதகடு வடிவத்தைச் சரியாகக் காட்டுகிறது. ஆனால் தகடு ஆலையில் ஒருமுறை அழுத்தி எடுத்தது, மாறாதது. ‘நெளி’ என்றவுடன் சாலை பாம்பாக வளைந்து செல்வதாகவும் படிப்பவர் எண்ணக்கூடும். தடதடப்பு, பயணியின் அனுபவத்தைச் சொல்கிறதே தவிரச் சாலையைச் சொல்லவில்லை. மேலும், 80இல் தடதடப்பு அடங்கிய பிறகும் வரிகள் அங்கேதான் இருக்கின்றன.

என் பரிந்துரை ‘அறல்’. ஆற்றுநீர் அரித்தோடியபின் மணலில் படியும் அலைவரிக்கு நம்மிடம் பழங்காலந்தொட்டு இருக்கும் சொல் இது. சங்கப் பாடல்கள் கூந்தலின் நெளிவுக்கு இதை உவமையாக்குகின்றன. நீர் மணலில் இடும் வரியும் சக்கரம் மண்ணில் இடும் வரியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை: மேலே நகரும் ஒன்று துகள்களை அள்ளிக் குவித்துச் சீரான இடைவெளியை உண்டாக்குகிறது, அந்த வரியும் தானே நகர்கிறது. ‘சாலையறல்’ என்று சேர்த்துச் சொன்னால் ஆற்று மணலோடு மயங்காது. அறல்முகடு, அறல்பள்ளம், அறலிடைவெளி என்று தொடர்ந்து கிளைக்கவும் இடமுண்டு. அறல் தோன்றத் தொடங்கும் வேகத்தை ‘மாறுநிலை வேகம்’ எனலாம். critical angle என்பதை அவதிக் கோணம் என்று படித்த இலங்கை வாசகருக்கு ‘அவதி வேகம்’ இயல்பாக இருக்கும், இரண்டையும் தரலாம். இன்று புழக்கத்தில் இல்லாத சொல் என்ற மறுப்பு எழலாம். முதல் வருகையில் ‘சாலையின் குறுக்கே எழும் வரிமேடு’ என்று ஒரு விளக்கம் சேர்த்தால் போதும்.

‘வில்லுக்குக் கீழுள்ள நிறை’ என்பதற்கான சொல்லைத் தனி இழையில் பேசுவோம். இலங்கையில் நிறை (weight) வேறு, திணிவு (mass) வேறு. அதை இங்கே அவசரமாக முடிக்கக் கூடாது.

வழிகாட்டியின் முதல் வாக்கியத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்: “சாலையறல் தொடங்குமிடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்தி, நான்கு டயரிலும் காற்றை இறக்குங்கள்; அறலிடைவெளிக்கு ஏற்ப ஆட்டம் குறைவான வேகத்தைத் தேடுங்கள், ஆனால் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பிரேக் பிடித்து நிறுத்த முடியாத வேகத்துக்குப் போகாதீர்கள்.” படிக்கும்போது சொல் எங்கேனும் இடறுகிறதா என்று உறுப்பினர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.